நல்ல காரணம்

“அண்ணை, இஞ்சை கைத்துவக்குக்கு லைசன்ஸ் எடுக்கேலாதோ?”

கேட்டவர் பகிடிக்குக் கேட்கவில்லை. வடமேற்கு லண்டனில் ஒரு வரிசை வீடு. பின்கதவில் கண்ணாடி இருந்த இடத்தில் பலகை அறைந்திருந்தது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், அலுமாரிக்குள் பழைய சேலைக்கு அடியில் வைத்திருந்த தாலிக்கொடியும் பிள்ளைகளின் காப்புகளும் போய்விட்டன. கூடவே கட்டிலிலிருந்த ஒரு தலையணை உறையும் போயிருந்தது. அள்ளிக்கொண்டு போக வந்தவர்களுக்குப் பை வேண்டியிருந்திருக்கும். மனைவி தன் கைத்தொலைபேசியை என் பக்கம் திருப்பினார். ஹூஸ்டனிலிருந்து அவருடைய தங்கை அனுப்பிய படம்: தங்கையும் அவர் கணவரும் ஒரே நாளில் வாங்கிய இரண்டு கைத்துப்பாக்கி உரிம அட்டைகள், பக்கத்தில் பக்கத்தில். டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடலாம். இருந்தும் அந்தத் தம்பதியர் வகுப்பில் உட்கார்ந்து, 50 தோட்டாக்கள் சுட்டுக்காட்டி, முறைப்படி அட்டை வாங்கியிருக்கிறார்கள். சான்றிதழ் என்றால் நம்மவர்களுக்கு எந்த ஊரிலும் ஒரு மரியாதை.

“ஏலாது” என்ற ஒற்றைச் சொல்லில் என் பதில் முடிந்துவிட்டது. ஆனால் ஓர் அரசு தன் குடிமக்களிடம் “ஏலாது” என்று சொல்லும்போது, அதற்கு அது காட்டும் காரணம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, யார் அதை வாதிட்டு நிறுவினார்கள், அது தன் மற்றச் சொற்களோடு பொருந்துகிறதா என்பவை வேறு கேள்விகள். பிரித்தானியத் துப்பாக்கிச் சட்டத்தை நாகரிகத்தின் அடையாளம் என்று புகழ்வோரும், குடிமகனைக் கையறுநிலைக்குத் தள்ளும் சட்டம் என்று இகழ்வோரும் அதைப் பனுவலாகப் படிப்பது அரிது. படித்தால், அதன் கனம் முழுவதும் “நல்ல காரணம்” என்ற இரு சொற்களின்மேல் நிற்பது தெரியும். 1920ஆம் ஆண்டுச் சட்டத்தில் நுழைந்த தொடர் அது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் இன்றும் இருக்கிறது. விண்ணப்பிப்பவர் ஆயுதத்தை ஒப்படைக்கத் தகுந்தவர், அதனால் பொது அமைதிக்கு ஆபத்தில்லை, அவருக்கு அதற்கு நல்ல காரணம் உண்டு என்று காவல்துறைத் தலைமை அதிகாரி நிறைவடைய வேண்டும். எது நல்ல காரணம் என்பதைச் சட்டம் வரையறுப்பதில்லை. வரையறுக்காமல் விட்டதே அதன் சாமர்த்தியம். அதன் முதல் குறையும் அதுவே.

இந்தத் தம்பதியர் 1905இல் லண்டனில் இருந்திருந்தால் தபால் நிலையத்துக்குப் போயிருப்பார்கள். 1870ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ஷில்லிங் கட்டினால் துப்பாக்கி உரிமச் சீட்டு கிடைக்கும். வருவாய்க்காக வந்த சட்டம் அது. 1903ஆம் ஆண்டுக் கைத்துப்பாக்கிச் சட்டம் அதன்மேல் வைத்த பூட்டும் இலேசானது. வாங்குபவரின் காரணத்தை யாரும் கேட்கவில்லை. 1909 ஜனவரியில் டொட்டன்ஹாமில் சம்பளப் பணத்தைப் பறித்துக்கொண்டு ஓடிய இருவரைத் துரத்திய காவலர்கள், வழியில் நின்றவர்களிடம் கைத்துப்பாக்கி இரவல் வாங்கினார்கள். இன்று தமிழ்க் கடைகள் நிறைந்திருக்கும் அதே வட லண்டன்தான். ஆயுதம் ஏந்திய குடிமகனும் வெறுங்கைக் காவலரும் என்ற அந்தக் காட்சியை இன்றைய துப்பாக்கி ஆதரவாளர்கள் பொற்காலச் சான்றாகக் காட்டுவதுண்டு. ஆனால் அன்று ஒரு காவலரும் பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் சுடப்பட்டு இறந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் சான்று முழுமையாகும்.

1920இல் ஏன் மாறியது? முதலாம் உலகப் போர் முடியும் தறுவாயில் அமைந்த பிளாக்வெல் குழு தன் அச்சங்களை ஒளிக்கவில்லை. பேரரசின் விளிம்புகளில் துப்பாக்கி வாங்கக்கூடிய பழங்குடிகள் ஒரு பக்கம், பெருநகரங்களில் வெடிகுண்டும் தானியங்கிக் கைத்துப்பாக்கியுமாகத் திரியக்கூடிய அதிருப்தியாளர்கள் மறுபக்கம். முதல் பட்டியலில் குடியேற்ற நாட்டவர்களான நமக்கும் ஒரு மூலையில் இடம் இருந்திருக்கும். நாடாளுமன்றத்தில் குற்றத்தடுப்பு என்று முன்வைக்கப்பட்ட சட்டத்துக்குப் பின்னால், போரிலிருந்து திரும்பும் வேலையற்ற வீரர்களும் ரஷ்யப் புரட்சியின் நிழலும் அமைச்சரவையைக் கலங்கடித்தது இன்று ஆவணங்களால் தெளிவு. சொன்ன காரணம் ஒன்று, கொண்ட காரணம் வேறு. குடிமகனிடம் “உன் நல்ல காரணம் என்ன?” என்று கேட்கும் சட்டம், தன் காரணத்தை மறைத்துக்கொண்டு பிறந்தது. முறை என்ற அளவுகோலில் இது சிறிய பழுதன்று.

ஆயினும் 1920 நம் தம்பதியரை வெளியே நிறுத்தவில்லை. வீட்டையும் உயிரையும் காத்துக்கொள்ளக் கைத்துப்பாக்கி வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் முதல் ஆண்டுகளில் ஏற்கப்பட்ட காரணங்களில் ஒன்று. கதவு மூடியது 1946இல். உள்துறை அமைச்சர் சூட்டர் ஈட் மக்களவையில் பதிலளிக்கும்போது, தன் உயிருக்கோ உடைமைக்கோ பாதுகாப்பு என்று ஒருவர் சொல்வதை இனி உரிமம் தருவதற்குப் போதிய காரணமாகக் கொள்ளப்போவதில்லை என்று அறிவித்தார். அவ்வளவுதான். சட்டத் திருத்தம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை, ஆய்வுக் குழு இல்லை. “நல்ல காரணம்” என்ற தொடரின் உட்பொருள் ஓர் அமைச்சரின் வாயில் மாறியது. தொடர் மட்டும் அப்படியே இருந்தது. இந்த நாட்டின் துப்பாக்கிக் கொள்கையில் மிகப் பெரிய முடிவு எது என்று கேட்டால் பெரும்பாலோர் 1997 என்பார்கள். நான் 1946 என்பேன். குடிமகனின் தற்காப்பு ஆயுதத்தோடு சேர்ந்ததா, ஆயுதம் நீங்கியதா என்ற அடிப்படைக் கேள்விக்கு விடை அன்றுதான் தரப்பட்டது. எவரும் கவனிக்காத குரலில் தரப்பட்டது. விடை சரியாக இருக்கலாம். சரியென்றே பின்னர் வாதிடப்போகிறேன். ஆனால் கணக்கைச் செய்துகாட்டாமல் எழுதிய விடை அது.

1996 மார்ச் 13. டன்பிளேன் தொடக்கப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 16 குழந்தைகளும் அவர்களின் ஆசிரியையும் கொல்லப்பட்டனர். கொன்றவனின் கைத்துப்பாக்கிகள் அனைத்தும் சட்டப்படி உரிமம் பெற்றவை. அவனிடமிருந்து உரிமத்தைப் பறிக்க வேண்டும் என்று 1991லேயே காவல்துறை அதிகாரி ஒருவர் எழுதிய குறிப்பு கோப்பில் கிடந்தது. அதாவது “தகுந்தவர்” என்ற சோதனை சட்டத்தில் இருந்தது, அதைப் பிரயோகிக்கும் மனம் அலுவலகத்தில் இல்லை. இந்தப் படுகொலையை விசாரித்த கல்லன் பிரபுவின் அறிக்கை அக்டோபரில் வந்தது. இந்த வகை எழுத்தில் மேலான ஒன்று அது. உணர்ச்சி கொந்தளித்த ஆண்டில் எழுதப்பட்டும் அதன் நடை சிதறவில்லை. நிகழ்ச்சியைக் கட்டியெழுப்பும் பகுதிகளில் ஒரு பெயரடைகூட மிகையில்லை. பழியை அலுவலர் அலுவலராகப் பிரித்து வைக்கிறது. தீர்வு என்று வரும்போதுதான் அறிக்கை தயங்குகிறது. கைத்துப்பாக்கிகளைத் துப்பாக்கி சுடும் கழகங்களுக்கு வெளியே இயங்காதபடி முக்கியப் பாகத்தைக் கழற்றிவைப்பது, அல்லது குழலை அடைப்பது. அது நடைமுறைக்கு ஒவ்வாவிட்டால் பல தோட்டாக் கைத்துப்பாக்கிகளைத் தனிநபர் வைத்திருப்பதைத் தடை செய்வது. முழுத் தடையை அவர் கேட்கவில்லை. நுணுக்கம் பாராட்டத்தக்கது. ஆனால் ஒரு பூட்டுக் கருவியின் நம்பகத்தன்மையில் பொதுப் பாதுகாப்பைத் தொங்கவிடும் யோசனை, ஆவணம் முழுதும் காட்டிய கண்டிப்புக்கு ஈடாகவில்லை.

அரசியல் அந்தத் தயக்கத்துக்குக் காத்திருக்கவில்லை. பழமைவாதக் கட்சி பாயின்ட் 22 குழல் அளவுக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. அதே 1997இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி மீதியையும் தடை செய்தது. ஒரு துப்பாக்கியின் குழல் 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ, மொத்த நீளம் 60 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ அது தடைப் பட்டியலில் சேரும். ஏறத்தாழ 1,62,000 கைத்துப்பாக்கிகள் இழப்பீட்டுக்கு ஒப்படைக்கப்பட்டன. ஒரு தலைமுறைக்கான வேலையை ஒரே ஆண்டில் முடித்த சட்டம் என்ற வகையில் இது சாதனை. அவசரத்தின் தழும்புகளும் உண்டு. நோயுற்ற விலங்கை வலியின்றிக் கொல்லவும், ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கவும், பழம்பொருளாகச் சேகரிக்கவும் கைத்துப்பாக்கிக்கு விலக்கு உண்டு. ஒலிம்பிக் போட்டியாளர் மட்டும் பயிற்சிக்கு நாடு கடந்து போக வேண்டியிருந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கை நடத்தவே தனி அனுமதி தேவைப்பட்டது. இவை வேடிக்கையான ஓட்டைகள், சட்டத்தைச் சாய்க்கும் ஓட்டைகள் அல்ல.

முக்கியமானது வேறு. 1997ஆம் ஆண்டு விவாதம் முழுவதும் விளையாட்டு வீரர்களைப் பற்றியது. அவர்களின் பொழுதுபோக்குக்காகக் குழந்தைகளின் உயிரைப் பணயம் வைக்கலாமா என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை எளிது. தற்காப்பு அந்த மேடையில் ஏறவே இல்லை. 1946இல் ஓசையின்றி அடக்கம் செய்யப்பட்டதை 1997 தோண்டிப் பார்க்கவில்லை. எனவே “பிரித்தானியா தற்காப்புத் துப்பாக்கியை விவாதித்து நிராகரித்தது” என்று எழுதும் பத்தியாளர்கள், நடக்காத ஒரு விவாதத்துக்கு வெற்றிக் கோப்பை வழங்குகிறார்கள்.

அந்த விவாதத்தை நடத்த முயன்றவர்கள் இருவர், இருவருமே சட்டத்துக்கு எதிர்நிலையில் நின்றவர்கள். காவல்துறை அதிகாரியாக இருந்த கொலின் கிரீன்வுட் 1972இல் எழுதிய நூல், ஆயுதக் கட்டுப்பாட்டுக்கு முந்திய லண்டனில் துப்பாக்கிக் குற்றம் மிகக் குறைவு என்பதை ஆவணங்களிலிருந்து எடுத்துக் காட்டியது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜாய்ஸ் லீ மால்கம் 2002இல் அந்த வாதத்தை இடைக்காலம் முதல் இன்று வரை நீட்டினார்: இங்கிலாந்து அமைதியடைந்தது துப்பாக்கி பெருகிய நூற்றாண்டுகளில், வன்முறை கூடியது கட்டுப்பாடு இறுகிய நூற்றாண்டில். இவர்களின் நற்பணி பெரிது. கட்டுப்பாடுதான் அமைதியைத் தந்தது என்ற சோம்பேறித்தனமான நம்பிக்கையை இவர்களுக்குப் பிறகு எவரும் கூச்சமின்றி எழுத முடியாது. 1997க்குப் பிறகு பதிவான கைத்துப்பாக்கிக் குற்றங்கள் சில ஆண்டுகள் கடுமையாக ஏறின என்பதும் உண்மை. தடை சட்டப்படி வைத்திருந்தவர்களிடமிருந்து வாங்கியது, கள்ளச் சந்தையிடமிருந்து வாங்கவில்லை.

ஆனால் இவர்களின் முறை ஒரே இடத்தில் இரண்டாக உடைகிறது. இரண்டு கோடுகள் ஒரே காலத்தில் ஏறி இறங்குவதைக் காட்டினால் ஒன்று மற்றொன்றின் காரணமாகிவிடாது என்பதை எதிரிகளுக்கு எடுத்துச் சொல்லும் நூல், தன் முடிவுக்கு வரும்போது அதே பிழையைத் தலைகீழாகச் செய்கிறது. குடிப்பழக்கம், நகர அமைப்பு, போதைப்பொருள் சந்தை, காவல்துறை குற்றங்களைப் பதியும் விதிமுறையின் மாற்றங்கள் எல்லாம் மால்கமின் நூலில் வந்துபோகின்றன. முடிவுரையில் எடை பெறுவதில்லை. இன்னொன்று: இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் துப்பாக்கியால் கொல்லப்படுவோர் ஆண்டுக்கு முப்பது பேரை ஒட்டியே. கத்தியால் கொல்லப்படுவோர் இருநூறு பேரை ஒட்டி. மொத்தக் கொலை விகிதம் லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில். அமெரிக்காவில் அதைப்போல் ஐந்து மடங்கு. கட்டுப்பாடு அமைதியை உருவாக்கவில்லை என்று ஏற்றுக்கொண்டாலும், சண்டைகளும் திருட்டுகளும் இந்த நாட்டிலும் தாராளமாக நடந்தும் அவை பிணத்தில் முடிவது ஏன் குறைவு என்பதற்கு விடை வேண்டும். கிரீன்வுட்டும் மால்கமும் அந்த விடையைத் தரவில்லை. கையில் என்ன இருக்கிறது என்பது அந்த விடையின் ஒரு பகுதியேனும் ஆகும்.

நம் தம்பதியரின் கேள்விக்கு நேராக வருவோம். வீட்டுக்குள் ஒரு கைத்துப்பாக்கி வந்தால் இருவரும் பாதுகாப்பாகிறார்களா? ஹூஸ்டன் அட்டைகளுக்குப் பின்னால் நிற்கும் புகழ்பெற்ற எண், ஆய்வாளர்கள் க்ளெக்கும் கெர்ட்ஸும் 1995இல் சொன்னது: அமெரிக்கர்கள் ஆண்டுக்கு 25 லட்சம் முறை துப்பாக்கியால் தற்காத்துக்கொள்கிறார்கள். ஏறத்தாழ 5,000 பேரிடம் தொலைபேசியில் கேட்டதை நாடு முழுவதற்கும் பெருக்கிய எண் அது. அரிதான நிகழ்வைப் பற்றிக் கேட்கும்போது நூற்றில் ஒருவர் மிகைப்படுத்தினாலும் பெருக்கத்தில் லட்சங்கள் முளைத்துவிடும். அரசின் குற்றக் கணக்கெடுப்பு தரும் எண் இதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. மறுபக்கத்தில் கெலர்மன் என்ற ஆய்வாளர் 1993இல் சொன்ன “வீட்டில் துப்பாக்கி இருந்தால் கொலை அபாயம் 2.7 மடங்கு” என்பதும் குறையற்றதல்ல. அபாயத்தில் இருந்தவர்களே துப்பாக்கி வாங்கியிருக்கலாம் என்ற எதிர்வாதத்தை அந்த ஆய்வால் முழுதாகத் தாண்ட முடியவில்லை.

தாண்டும் தூரத்துக்கு அருகே வந்தது 2022இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்டது. கலிபோர்னியாவில் 1.76 கோடிப் பெரியவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். கவனித்தவர்கள் துப்பாக்கி இல்லாதவர்களை. அவர்களில் சிலரோடு ஒரே வீட்டில் வாழ்பவர் கைத்துப்பாக்கி வாங்குகிறார், மற்றவர்களின் வீட்டில் வாங்கவில்லை. துப்பாக்கி வந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் கொலையுண்ட விகிதம் மற்றவர்களைப்போல் இரு மடங்குக்கும் மேல். அந்நியரின் கையால் இறப்பதில் எந்தப் பாதுகாப்பும் தென்படவில்லை. வீட்டில் வாழ்க்கைத் துணையின் கையால் சுடப்பட்டு இறப்பதோ ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் 84 விழுக்காட்டினர் பெண்கள். இதுவும் கூர்ந்து நோக்கும் ஆய்வுதான், சோதனைச்சாலை அல்ல. ஆனால் இந்தத் துறையில் இதைவிட நேர்த்தியான கட்டமைப்பை நான் படித்ததில்லை. “தம்பதியர் தற்காப்புக்காக வாங்கும் துப்பாக்கி” என்ற தொடரில் தம்பதியர் என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது அது. உரிமம் இருவருக்கு, அபாயம் ஒருவருக்கு. உள்ளே வருபவனை நினைத்து வாங்குகிறார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர் சுடுகிறார்.

இதைச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. கணவர்தான் பேச்சை மாற்றினார். “அப்பாட்டை ஒரு சொட் கன் இருந்தது அண்ணை, லைசன்ஸோடை. எண்பத்திமூண்டுக்குப் பிறகு இயக்கப் பொடியள் ராவிலை வந்து கேட்டவை. குடுக்காமல் ஏலுமே?” தந்தையின் துவக்கு காத்தது எதையும் அல்ல, ஆட்களை வீட்டுக்கு வரவழைத்தது. ஆயுதம் வேண்டியவனுக்கு ஆயுதம் இருக்கும் வீடு முகவரியாகிவிடும் என்பதை யாழ்ப்பாணத்து வலிகாமத்துக்குத் தெரிந்த அளவு வேறெந்த ஊருக்கும் தெரியுமா என்பது ஐயம்.

ஆக, விளைவு என்ற அளவுகோலில் “ஏலாது” வெல்கிறது. இசைவு என்ற அளவுகோல்தான் சங்கடமானது.

ஐரிஷ் கடலைத் தாண்டினால் அதே அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட வட அயர்லாந்தில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி உரிமம் உண்டு. குறிப்பான, சரிபார்க்கக்கூடிய உயிராபத்து இருக்க வேண்டும். ஆயுதம் அதற்கு நியாயமான, அளவான, அவசியமான ஏற்பாடாக இருக்க வேண்டும். சில ஆயிரம் பேர் அப்படி வைத்திருக்கிறார்கள். கலவர ஆண்டுகளின் எச்சம் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் கோட்பாட்டளவில் இது 1946ஐ மறுதலிக்கிறது. தற்காப்பு ஒருபோதும் நல்ல காரணம் அல்ல என்றால் பெல்ஃபாஸ்டிலும் அல்ல. சிலபோது நல்ல காரணம் என்றால், எப்போது என்பதைச் சொல்லும் கடமை லண்டனுக்கும் உண்டு. முரண் இதில் முடிவதில்லை: வட அயர்லாந்தின் சோதனை எழுதப்பட்டது, தெளிவானது, மேல்முறையீட்டுக்கு உரியது. இரண்டில் விதிவிலக்குதான் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, விதி அல்ல.

சென்னையிலிருந்து வரும் மருமகள் கைப்பையில் மிளகுத் தெளிப்பான் கொண்டுவந்தால், ஹீத்ரோவில் அவர் இறங்கும் கணத்தில் அது 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தடை செய்யப்பட்ட ஆயுதம், கைத்துப்பாக்கி இருக்கும் அதே பிரிவில். உயிர் பறிக்கும் கருவிக்கும் கண்ணெரிச்சல் தரும் கருவிக்கும் ஒரே வீடு. கைத்துப்பாக்கியைத் தடுக்க நான் மேலே அடுக்கிய சான்றுகளில் எதுவும் மிளகுத் தெளிப்பானுக்குப் பொருந்தாது. அதே நேரம் வீட்டுக்காரரின் பலத்தைச் சட்டம் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. நோர்ஃபோக் விவசாயி டோனி மார்ட்டின் 1999இல் உரிமமில்லா வேட்டைத் துப்பாக்கியால் திருட வந்த 16 வயதுச் சிறுவனைச் சுட்டுக் கொன்ற வழக்கு கிளப்பிய புழுதி அடங்காமல், 2013இல் திருத்தம் வந்தது: வீட்டுக்குள் நுழைந்தவன்மேல் வீட்டுக்காரர் பயன்படுத்தும் பலம் அறவே அளவு மீறியதாக இல்லாதவரை நியாயமானதாகக் கொள்ளப்படலாம். கருவியை எடுத்துக்கொண்டு, கருவியைப் பயன்படுத்தும் அளவை நீட்டியிருக்கிறார்கள். மிஞ்சுவது கிரிக்கெட் மட்டையும் சமையலறைக் கத்தியும். தயாராக இல்லாதவரைச் சட்டம் மன்னிக்கிறது, தயாராக இருந்தவரைச் சந்தேகிக்கிறது. மனித இயல்பு பற்றிய ஒரு கூர்மையான பார்வையாக இதை ஏற்கலாம். எழுதப்பட்ட கோட்பாடாக ஏற்க முடியாது.

இசைவின் ஆழமான பிளவு இன்னும் கீழே இருக்கிறது. குடிமகனின் கையிலிருந்து ஆயுதத்தை வாங்கும் அரசு, பதிலுக்குக் காவலைத் தருவதாகச் சொல்லாமல் சொல்கிறது. நீதிமன்றங்கள் அந்தச் சொல்லாத சொல்லைப் பலமுறை எடுத்துப் பார்த்து வைத்திருக்கின்றன. 1988இல் பிரபுக்கள் சபை, குற்றத்துக்கு இலக்காகக்கூடியவர்பால் காவல்துறைக்குக் கவனக்குறைவுச் சட்டப்படிப் பொதுவான கடமை இல்லை என்றது. 2015இல் உச்ச நீதிமன்றம், முன்னாள் துணைவன் கொல்லப்போகிறான் என்று 999ஐ அழைத்த ஒரு பெண்ணின் வழக்கிலும் 5க்கு 2 என்ற பெரும்பான்மையில் அதே நிலையைத் தொடர்ந்தது. இடையில் 1998இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் ஓஸ்மான் வழக்கில் ஒரு சன்னலைத் திறந்தது. ஹக்னியில் ஒரு மாணவனைப் பற்றிக்கொண்ட ஆசிரியர் ஒருவர், திருடிய துப்பாக்கியின் குழலை வெட்டிக் குறுக்கி, 1988 மார்ச்சில் மாணவனின் தந்தையைக் கொன்று மாணவனைக் காயப்படுத்திய வழக்கு. ஓர் உயிருக்கு உண்மையான, உடனடியான ஆபத்து என்று அறிந்தால் அரசு செயற்பட வேண்டும் என்றது தீர்ப்பு. அந்தக் குடும்பத்துக்கு உயிர்வாழும் உரிமை மீறப்படவில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அளவுகோலைச் செதுக்கித் தந்தவர்கள் அதனால் அளக்கப்பட்டபோது பயன் பெறவில்லை.

அந்தத் தீர்ப்பின் பிள்ளைதான் “ஓஸ்மான் எச்சரிக்கை” என்று லண்டனில் சொல்லப்படும் கடிதம். உங்கள் உயிருக்கு ஆபத்து உள்ளதாகத் தகவல் கிடைத்திருக்கிறது. நாள் முழுதும் உங்களைக் காவல் காக்க எங்களால் முடியாது. அதற்காக நீங்கள் ஆயுதம் வைத்திருப்பதை நாங்கள் ஏற்கமாட்டோம். இந்த மூன்று கருத்துகளும் ஒரே தாளில் வரும். பிரித்தானியக் கொள்கையின் நேர்மையான ஆவணம் எது என்று கேட்டால் கல்லன் அறிக்கையை விட்டுவிட்டு இந்தக் கடிதத்தைக் காட்டுவேன். சட்டம் மறைப்பதை இது மறைக்கவில்லை. பெல்ஃபாஸ்டில் ஒருவருக்கு உரிமம் வாங்கித்தரக்கூடிய அளவு உயிராபத்து, ஹக்னியில் ஒரு கடிதமாகிறது.

இந்தியச் சட்டம் இதைவிட மேலா? 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தால் நிராயுதபாணியாக்கப்பட்ட நாடு, 1959இல் எழுதிய தன் சட்டத்தில் தற்காப்பை வெளிப்படையாக ஏற்றது. சென்னையில் காவல் ஆணையரிடமும் மாவட்டங்களில் ஆட்சியரிடமும் உயிராபத்தைக் காட்டி விண்ணப்பிக்கலாம். ஒளிவுமறைவு இல்லை என்பது அதன் சிறப்பு. 2014இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை “நிர்பீக்” என்ற சுழல் துப்பாக்கியைப் பெண்களுக்கென்று வெளியிட்டபோது அந்த வெளிப்படைத்தன்மையின் எல்லை தெரிந்தது. அரைக் கிலோ எடை, 1.22 லட்ச ரூபாய்க்கு மேல் விலை. டில்லியில் இரவுப் பேருந்தில் ஏறும் பெண்ணின் அச்சத்தைக் காட்டி, பேருந்தில் ஏறத் தேவையில்லாதவர்களுக்கு விற்கப்பட்ட பொருள். கோட்பாடு தெளிவு, பயன் வசதி படைத்த வர்க்கத்துக்கு. லண்டன் அதற்கு நேர்மாறு: கோட்பாடு மங்கல், பயன் எல்லோருக்கும் ஏறக்குறையச் சமம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் லண்டனையே எடுப்பேன், முணுமுணுப்போடு.

தீர்ப்பு இது. அந்தத் தம்பதியருக்கு உரிமம் மறுக்கப்படுவது சரி. அதைச் சரியாக்கும் காரணங்கள் 1946இல் சூட்டர் ஈட் கையில் இருந்தவை அல்ல. பின்னால், பெரும்பாலும் வேறு நாட்டில், வேறு மனிதர்களின் உழைப்பில் சேர்ந்தவை. தற்செயலாகச் சரியான விடை என்று இதை ஒதுக்க மாட்டேன், ஆனால் முழு மதிப்பெண்ணும் தரமாட்டேன். “நல்ல காரணம்” என்ற தொடரைச் சட்டம் வரையறுக்க வேண்டும். தற்காப்பு அதில் சேராது என்றால் அதைச் சட்ட வாசகத்திலேயே எழுத வேண்டும், ஏன் என்பதோடு. வட அயர்லாந்தின் விலக்கை ஏற்கவோ நீக்கவோ வேண்டும். மிளகுத் தெளிப்பானைக் கைத்துப்பாக்கியின் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓஸ்மான் கடிதத்தின் இரண்டாவது கருத்தை, “எங்களால் முடியாது” என்பதை, மூன்றாவது கருத்துக்கான விலையாக அரசு கணக்கில் ஏற்ற வேண்டும்: ஆயுதம் வைக்காதே என்று யாரிடம் சொல்கிறதோ அவருக்குக் கடமைப்பட வேண்டும், நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய கடமையாக.

நான் கிளம்பும்போது கண்ணாடிக்காரன் வந்து பின்கதவை அளந்துகொண்டிருந்தான். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், அம்மன் காந்தத்துக்கு அடியில், காவல்துறை அனுப்பிய கடிதம் செருகியிருந்தது. அதில் ஒரு குற்றப் பதிவு எண், காப்புறுதி நிறுவனத்துக்குக் கொடுக்கச் சொல்லி. மனைவி அந்த எண்ணை ஒரு துண்டில் பெரிதாக எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். ஹூஸ்டன் படத்துக்கு இன்னும் அவர் பதில் போடவில்லை.